பதினொரு பேரில் ஒருவன் விலகிய வரலாறு

என் அக்காள் தவமிருந்து பெற்ற செல்வியும், பழுதான லிஃப்டுகளின் ஆபத்பாந்தவியும், ஒன்பது நாளாக என்னை பிளாக் செய்து வைத்திருப்பவளுமான மருமகளுக்கு, மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உன் அத்தை என்னைவிட நலம். கைப்பேசியின் வாசல்களையெல்லாம் நீ அடைத்துவிட்டதால், இந்த வயதில் தபால்தலை ஒட்டும் நிலைக்கு வந்தேன். கீழே வருவதை உலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

"ஒன்பதாயிரம் பேரை ஃபாலோ பண்றீங்க மாமா, கொஞ்சம் ஒழுங்குபடுத்துங்க" என்று நீதானே சொன்னாய்? அன்று ஞாயிறு மதியம், வயிறு நிறைந்த சுகத்தில் சோபாவில் சாய்ந்து காரியத்தில் இறங்கினேன். ஒன்பதாயிரம் பேரின் பின்னால் போவதென்றால் லேசா, உள்ளங்கால் கொப்பளித்துக் கிடந்தது. வகைக்கொரு அறை ஒதுக்கிப் பிரித்துவிடலாம் என்று பட்டியல் போட்டேன். போடப் போட, ஒவ்வொருவராகத் திரையிலிருந்து இறங்கி வந்தார்கள். சமையல்காரர்கள் நானூறு பேர் அடுப்படிக்குள் நுழைந்தார்கள். சண்டைக்காரர்களை பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன், கண்ணாடிக்கு அப்பால் வாய் மட்டும் அசைந்தது. கடலுக்கடியில் படம் எடுப்பவர் தன் மீன்களை அவிழ்த்துவிட, அவை மின்விசிறியை மெல்லச் சுற்றி வந்து திரைச்சீலை மடிப்பில் தூங்கின. மழையை மட்டுமே படம் பிடிப்பவர் கூடத்தின் நடுவில் நின்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் தூறிக்கொண்டிருந்தார். உன் அத்தை துடைக்கிற துணியோடு வந்தாள்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"நம்ம ஆளுங்கதான். நான் பின்னாடியே போறவங்க."

"நல்லா போனீங்க! கட்டின பொண்டாட்டி பின்னாடி கடை வரைக்கும் ஒருநாள் வந்திருப்பீங்களா? செருப்பையாவது கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

கடைசியில் நீ. லிஃப்ட் பழுது பார்க்க ஏறும் மொட்டைமாடிகளில் நின்று நீ எடுக்கும் மேகங்களை எந்த அறையில் வைப்பது? படுக்கையறையில் கூரை போதவில்லை. குளியலறையில் வைத்தால் மேகத்துக்கு மரியாதையில்லை. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, பஞ்சும் ஈரமுமாக வீடு முழுக்க நடந்தேன், கால் தரையில் படவே இல்லை. அப்போது ஒரு மீன் வந்து கட்டைவிரலை இடித்தது, விரல் வழுக்கியது, நீ போய்விட்டாய். பதினொரு பேர் பார்க்கும் உன் பக்கம் பத்துப் பேருக்குச் சுருங்கியது. மறுநாளே அத்தையின் போனில் வந்தாய்.

"முதமுதல்ல வந்து சேர்ந்த ஆளே நீங்கதான் மாமா. என் படமெல்லாம் அவ்வளவு மோசமா?"

நான் மீனைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாய்.

நீ ஏறும் லிஃப்ட் எதுவும் நடுவழியில் நிற்காமலும், நின்றுபோனவை உன் கை பட்டதும் கிளம்பியும், நீ நீடூழி வாழ வேண்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
குற்றமற்ற மாமன்

பி.கு.: மீன் வரவில்லை. மழையும் பெய்யவில்லை. ஒன்பதாயிரம் பேர் இல்லை, இருநூற்று ஆறு. விரலும் வழுக்கவில்லை, பார்த்துத்தான் அழுத்தினேன். அதற்கு முந்தைய நாற்பது நாளாக நீ ஒரு மேகமும் போடவில்லை. தினமும் பல் விளக்குமுன் உன் பக்கத்தைத் திறப்பேன், அதே பழைய மேகம் நிற்கும், மூடிவிடுவேன். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம், கேட்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு எழுதியதில் இந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.