வராத ஆயா தினமும் வருகிறாள்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும், அவளுடைய முழங்கால் நீங்கலாக, நலம். அங்கு தாங்களும் எங்கள் பெண்ணும் குழந்தையும் நலமாகவே இருப்பீர்கள் என்று, இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஃபோன் வராததை வைத்து முடிவு செய்திருக்கிறோம்.

நிற்க. எனக்கு வேலை போகப்போகிறது. வெள்ளிக்கிழமை போகும். தாங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பதாகக் கல்யாணத்துக்கு முன்பு சொன்னார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்களைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கெல்லாம் தொழில்நுட்பத் தலைமைப் பயிற்சி என்று இரண்டு நாள் நடத்தினார்கள். ஏசி அறை, சுழலும் நாற்காலி. பயிற்சி கொடுத்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "சார், நல்ல தலைவர் கண்ணை நம்பமாட்டார், தரவை நம்புவார்" என்றான். நாற்பது பேரும் எழுதிக்கொண்டோம். தரவு என்றால் என்ன என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே பள்ளிக்கூட வாசலில் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், ஒரு பெண் குரல் 'நன்றி' என்று சொல்லும், வருகைப் பதிவு கல்வி அலுவலகத்துக்கே போய்விடும். இருபத்தாறு வருடத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நன்றி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதன் முன்னால் போய் நிற்பதில்லை. ஆசிரியர்களோடு வரிசையில் நின்றால் அப்புறம் என்ன தலைமை? பத்து மணி வாக்கில் பக்கவாட்டுக் கேட் வழியாக வந்துவிடுவேன். ஆனாலும் மாத முடிவில் வந்த அறிக்கையில், இருபத்து மூன்று நாளும் காலை ஆறு இருபத்தெட்டுக்கு நான் வந்திருந்தேன். எனக்கு ஆச்சரியமாக இல்லை. விலை உயர்ந்த மெஷின், யாருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாதா?

வில்லங்கம் கடைசி வரியில் இருந்தது. பள்ளி ஆயா, வருகை பூஜ்யம். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறாள். கூட்டுவது, கழுவுவது, மணி அடிப்பது எல்லாம் அவள்தான். இந்த வருடம் நிரந்தரம் செய்கிறார்கள், அதற்குத் தொண்ணூறு சதவீத வருகை வேண்டும். நான் தலைவன் அல்லவா, உடனே மெமோ அடித்து, அறைக்குக் கூப்பிட்டு, கையில் கொடுத்தேன்.

"ஐயா, இதுல என்ன இருக்கு?"

"நீ இருபத்து மூணு நாளா வேலைக்கே வரலன்னு இருக்கு."

"வராதவ கையிலயா குடுக்குறீங்க?"

"பேச்சை மாத்தாதே."

"கேட்டை யாரு தெறந்தா? பதினாலு கக்கூஸையும் யாரு கழுவினா? அந்த மெஷினுக்கு சுவிட்ச் போடுறதே நான்தான் ஐயா. மூஞ்சியக் காட்டுறேன், பச்சை எரியுது, நன்றிங்குது."

"அது எல்லாருக்கும்தான் சொல்லும். மரியாதை தெரிஞ்ச மெஷின்."

"இங்க மரியாதை தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றாள்.

இந்த வாயைத்தான் பதினோரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கிளார்க் அம்மா குறுக்கே வந்து, "சார், அவங்க தினமும் வர்றாங்க, நானே கண்ணால பாக்குறேன்" என்றார். கண்ணாம், கண்! கேட் திறந்தது தரவில் இல்லை, கக்கூஸ் கழுவியதும் தரவில் இல்லை என்று விளக்கினேன். குறை இருந்தால் ஆன்லைனில் புகார் பதியட்டும் என்று வழியும் சொன்னேன். அன்று வருகை தந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் திறக்கிறதாம். அதற்கு நான் என்ன செய்ய? தினமும் வந்துகொண்டே வராமல் இருப்பது ஒழுங்கீனம் என்று, இந்தத் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துடைப்பத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதில் இருந்தது ஏழெட்டுக் குச்சி. புதுத் துடைப்பம் வேண்டுமென்று ஆறு மாதமாகக் கேட்டாள் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை மணி அடிக்க ஆள் இல்லாமல் முதல் பாடவேளை மதியம்வரை ஓடியது. கழிப்பறைப் பக்கம் போன பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆசிரியர்கள் குரூப்பில் 'அனைவரும் ஒத்துழைக்கவும்' என்று செய்தி போட்டேன். இருபத்திரண்டு கட்டைவிரல் வந்தது. துடைப்பத்தைத் தொட ஒரு விரலும் வரவில்லை. சாயங்காலம் கிளார்க் அம்மா அறிக்கையோடு வந்து நின்றார்.

"சார், இன்னிக்கு நீங்க வரல."

"என்னம்மா உளர்றீங்க? உங்க முன்னாலதானே உக்காந்திருக்கேன்!"

"கண்ணை நம்பக்கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

செவ்வாய்க்கிழமை நானே மெஷின் முன்னால் போய் நின்றேன். நேராகக் காட்டினேன், பக்கவாட்டில் காட்டினேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன், பயிற்சிச் சான்றிதழையே காட்டினேன். சிவப்பு. பின்னால் ஐந்தாம் வகுப்பு வரிசையாக நின்று சிரித்தது. இன்று புதன்கிழமை, இன்றும் சிவப்பு. தொடர்ந்து ஐந்து நாள் வராத தலைமையாசிரியருக்கு இடைநீக்க உத்தரவு தானாகவே அச்சாகிவிடுமாம், அதில் மனிதக் கை படாது என்று கல்வி அலுவலகத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். நேரில் போய் "நான் வந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்றேன். "ஆன்லைன்ல புகார் போடுங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை, "வந்துட்டீங்களா, இல்ல மெஷினைக் கேட்டுட்டு சாப்பாடு போடட்டுமா?" என்கிறாள்.

எனக்கு ஒன்று நிச்சயம். அந்த ஆயா போகும்போது மெஷினை ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் கிளம்பி வந்து, அதைப் பிரித்துப் பார்த்து, அவள் செய்ததைக் கண்டுபிடித்து, சரிசெய்துவிட்டுப் போகவும். விஷயம் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியவேண்டாம்.

பெண்ணுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. தாங்கள் மேலும் மேலும் உயர்ந்து, மெஷின்கள் கைகட்டி நிற்க, தீர்க்காயுளோடு இருக்க வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தாங்கள் வரவேண்டாம். மெஷினை யாரும் தொடவேண்டாம். நேற்று மாலை கிளார்க் அம்மா மெஷினுக்குள் என் பெயரைத் திறந்து பார்த்திருக்கிறார். என் பெயருக்கு நேரே ஆயாவின் முகம். முகம் பதிவு செய்த அன்று, என் பெயரைத் தட்டிய நேரத்தில் நான் ஃபோன் பேசப் போய்விட்டேனாம். அந்த ஆயா அம்மா ஈரத்துணியால் மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். இதைச் சரிசெய்தால், பின்னோக்கி இருபத்து மூன்று நாளும் நான் வரவில்லை என்றாகிவிடும். போதாததற்கு, நேரம் தவறாத தலைவர் என்று எனக்குப் பரிசு கொடுக்க மாதத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்களாம்.

நேற்றே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். குனிந்துதான் நுழைய முடிந்தது. உட்காரச் சொல்லவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப உங்க வேலையையும் சேர்த்து நான்தான் பாத்திருக்கேன். சம்பளம் மட்டும் வழி தவறி உங்ககிட்ட வந்துடுச்சு" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தவறாமல் வந்தார் என்று என் கைப்பட எழுதி, நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைத்து, அந்த வாசற்படியிலேயே கையெழுத்துப் போட்டேன். கூடவே புதுத் துடைப்பம் பத்து. இன்று காலை ஆறு இருபத்தெட்டுக்கு நான் பள்ளிக்கு வந்துவிட்டேன், அப்போது உங்கள் அத்தை என் குறட்டையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று அந்த அம்மா திங்கள் முதல் லீவு கேட்டிருக்கிறார். எப்படி மறுக்க முடியும்? எனக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டேன். நானும் உங்கள் அத்தையும் ஞாயிறு மாலை அங்கு வந்து சேருகிறோம். எத்தனை நாள் இருப்போம் என்று இப்போது சொல்ல இயலாது. அது அந்தப் பெண்ணுக்கு எப்போது சீட் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.