ஐந்தே முக்கால் நிமிஷம்

மாதா துணை

ஒதியம்பட்டு, வில்லியனூர் கொம்யூன்
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்பு மருமகன் லியோ பிரகாஷுக்கு தாய்மாமன் அந்தோணிசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை அன்னாமேரியும் சுகம். மைக் செட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஹாரன்களும் சுகம். இடதுபக்க பேஸ் பாக்ஸுக்கு மட்டும் உடம்பு சரியில்லை, அதற்குக் காரணம் நீதான், பிறகு சொல்கிறேன். அங்கே உன் சுகத்துக்கும் உன் மிஷின்களின் சுகத்துக்கும் ஞாயிறு தவறாமல் மாதாவிடம் சொல்லிவைக்கிறோம். உன் அப்பாவும் சுகம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எழுதினால் உன் அத்தை தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பாள். அப்பா உள்ளறையில் தூங்குகிறார். குறட்டைச் சத்தம் சீராக வந்துகொண்டிருக்கிறது.

போனில் சொல்லாமல் எதற்காகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடி பொய் சொல்லிவிடுவேன். ஆமாம், பொய். இரண்டு மாதத்துக்கு முன் நீ "அப்பா அந்தப் பாட்டைக் கேட்டாரா மாமா?" என்று கேட்டதற்கு, "கேட்டார், கண் கலங்கிவிட்டது" என்று அனுப்பினேனே, அது பச்சைப் பொய். அவர் கேட்கவும் இல்லை, கலங்கவும் இல்லை. அதை நம்பி நீ அன்றைக்கே, இனி வரப்போகிற மாதம் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய். அந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திட்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் உன் ரசிகனாக இருப்பது நீ அக்கா பிள்ளை என்பதற்காக இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக மைக் செட் போடுகிறவன் நான். மஞ்சள் நீராட்டு, தேர்த் திருவிழா, சாவு, தேர்தல் என்று நான் ஒலிபெருக்கி கட்டாத காரியம் இந்தப் பக்கத்தில் இல்லை. உன் முதல் ஆல்பம் வந்தபோது, என்னோடு பாக்ஸ் தூக்கும் கலைவேந்தன்தான் போனில் இறக்கிக் கொடுத்து, "அண்ணே, இதுக்கு டீப் ஹவுஸுன்னு பேராம், மிஷின்லயே செய்ற ஆட்டப் பாட்டாம்" என்றான். ரிப்பேருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன். டொம், டொம் என்று அடி வந்தது. பாட்டு இதோ ஆரம்பிக்கும், இதோ ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். ஆல்பமே முடிந்துவிட்டது. "இன்னாடா இது, கல்யாணத்துக்குக் கூப்புட்டுட்டு பந்தியே போடாம அனுப்புறான்" என்று கத்திவிட்டேன். அப்புறம் மணியைப் பார்க்கிறேன், ஒன்றேகால் மணி நேரம் போயிருக்கிறது. வேலை முடிந்து கிடக்கிறது. என் முதுகுவலி ஒருதடவைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒன்றை எந்த டாக்டரும் எனக்குச் செய்ததில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இரண்டாவது ஆல்பம் முழுக்க மழைச் சத்தம். அதில் மூன்றாவது பாட்டில் அடி எவ்வளவு கீழே இறங்குகிறது என்று உனக்கே தெரிந்திருக்காது, இடது பாக்ஸுக்குள் அதிர்கிற காகிதக் கோன் கிழிந்தேவிட்டது. நான் கோபப்படவில்லை. காகிதம் வைத்து ஒட்டிக்கொண்டேன். பெரிய பெரிய ஆட்களெல்லாம் எல்லா இடத்தையும் சத்தத்தால் அடைத்துவிடுவார்கள், நீ இடம் விடுகிறாய். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மனுஷன் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இதை நான் கலைவேந்தனிடம் சொன்னேன், பால் பூத்தில் சொன்னேன், கோயில் சாமியாரிடமும் சொன்னேன். சாமியார் மட்டும்தான் தலையாட்டினார், அவர் தலையாட்டுவது அவருடைய வேலை.

மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசிப் பாட்டுக்குப் பேர்கூட வைக்காமல் வெறும் புள்ளி ஒன்று வைத்திருக்கிறாய். ஒன்பது நிமிஷம். குட்டியானை வண்டியில் பாக்ஸ்களை ஏற்றிக்கொண்டு தனியாக வந்தபோதுதான் அதை முதலில் கேட்டேன். ஐந்தே முக்கால் நிமிஷத்தில் சின்னதாக ஒரு மணிச் சத்தம் வந்தது. அப்புறம் ஆறாவது நிமிஷத்தில் என் அக்கா செலின் பேசினாள். உனக்கு எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். "பிரகாசு, அங்க பனி கொட்டுதாமே, தலைக்கு எதுனா கட்டிக்கினு போ. கேக்குதா? கேக்குதா?" அந்தக் 'கேக்குதா'வை மட்டும் எடுத்து ஒரு நிமிஷம் முழுக்க அடிக்கு நடுநடுவே விட்டுக்கொண்டே போகிறாய். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பின்னால் வந்த பஸ்காரன் என்னைப் பெயர் சொல்லித் திட்டினானாம், அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அதைக் கேட்ட அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், இதை உன் அப்பா கேட்டே ஆக வேண்டும். அக்கா போன அன்று நீ எங்கேயோ ஒரு ஆட்டக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தாய், பதினாலு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. நீ வந்து இறங்கியபோது கல்லறை மண் காய்ந்திருந்தது. அப்பா அங்கேயே வைத்து, "அவ்ளோ சத்தத்துல கெடக்கிறவனுக்கு அம்மா சாவு எப்படிக் கேக்கும்" என்றார். அதுதான் அவர் உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. இரண்டு வருஷம் ஆகிறது. பாரிஸ் ஏர்போர்ட்டில் இருபத்தாறு வருஷம் அடுத்தவன் பெட்டிகளை ஊர் ஊருக்கு அனுப்பியவருக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியவில்லை. அந்தப் பாட்டை அவர் கேட்டால்தான் ஊருக்கு வருவேன் என்று நீயும் பிடிவாதம் பிடித்தாய். ஆறு நிமிஷம் அவரை ஓரிடத்தில் உட்காரவைத்தால் போதும், அவ்வளவுதானே என்று நான் நினைத்தேன்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நல்ல பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சும்மா போடுகிறவன் மாதிரி போட்டேன். "இதுல பாடறவங்க யாரும் கெடையாதா?" என்றார். "வருவாங்க மாமா, பொறு" என்றேன். அந்த மணிச் சத்தம் வந்தது. அவர் சட்டென்று எழுந்து, "அந்தோணி, டாங்க் நெறஞ்சி வழியுது, கேக்கல?" என்று மெயினையே அணைத்துவிட்டார். மோட்டாரும் நின்றது, பாட்டும் நின்றது. நான் ஏணியில் ஏறிப் பார்த்தால் டாங்கில் பாதிகூட இல்லை. வயசாகிவிட்டது, காதுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தடவை, கிருமாம்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அவரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓடுகிற வண்டியிலிருந்து எங்கே எழுந்து போவார், சொல்லு பார்ப்போம். பாகூர் தாண்டிக் கரும்புக் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் மணி அடித்தது. "வண்டிய நிறுத்துடா" என்றார். "ஒரு நிமிஷம் மாமா" என்றேன். "நிறுத்துடான்றேன்" என்று கதவைத் திறந்தேவிட்டார். சர்க்கரை நோய்க்காரர், அவசரமாக இருக்கும், நானும் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கரும்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து, "இனிமே வண்டில பாட்டு போடாத, தலைய சுத்துது" என்றார். அன்று சாயங்காலம் உன் மெசேஜ் வந்தது. இந்த ஒரு கேள்வியை நீ எத்தனையோ தடவை கேட்டுவிட்டாய், ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று அடிக்க என் விரல் கூசியது. அன்றைக்குப் பொய்யை அடித்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் நீ டிக்கெட்டின் படத்தை அனுப்பினாய். ஐயையோ, எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிடலாம் என்று பார்த்தேன். போன சனிக்கிழமை அக்காவின் இரண்டாம் வருஷ நினைவுப் பூசை. பூசை முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு எண்பது பேருக்குச் சாப்பாடு. இந்த முறை என்னுடைய முழு செட்டையும் கட்டினேன். ஆம்ப்ளிஃபயர் பக்கம் மாமாவை அண்டவிடாதே என்று கலைவேந்தனைக் காவல் வைத்தேன். பந்தி நடக்கும்போது புள்ளிப் பாட்டைப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு நிமிஷம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். அப்புறம் உன் அத்தை கையில் சாம்பார் வாளியோடு வந்து, "மைக் டெஸ்ட்டு முடிஞ்சி பாட்டு எப்பதான் போடுவ?" என்றாள். சமையல் பந்தலிலிருந்து செல்வகுமாரி, "அண்ணே, ரச அண்டா தானா நவுந்து போவுதுண்ணே" என்று கத்தினாள். நல்லவாட்டிலிருந்து வந்திருந்த, கடலுக்குப் போகிற பக்கிரி மட்டும்தான், "போட்டு எஞ்சின் மாரி நல்லாத்தான்பா கீது, எப்ப கெளம்பும்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினார். நான் உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. இலையை விட்டு எழுந்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கம் வரவே இல்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். விசிறிகள் நின்றன, பாட்டு நின்றது. எச்சில் கையோடு திரும்பி வந்து, "சோறு ஆறுது, எல்லாரும் சாப்டுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எண்பது பேருக்கு முன்னால், "உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு கீதா மாமா? இன்னும் பாஞ்சு செகண்டு உக்காந்தா செத்தா பூடுவ?" என்று கேட்டேவிட்டேன். முப்பது வருஷத்தில் அவரை அப்படிப் பேசியதில்லை. அவர் கை கழுவப் போனார். இலையில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

அதனால் சொல்கிறேன் பிரகாஷ், வராதே. எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து நீ கல்லில் முட்டிக்கொள்வதை என்னால் பார்க்க முடியாது. ஒருதடவை பார்த்தது போதும். அவருக்குக் காது கிடையாது, அது தப்பில்லை, சிலருக்குக் கடவுள் வைக்கவில்லை. நான் சொன்ன பொய்யை மன்னித்துவிடு. அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடாதே, நாலாவது ஆல்பத்தையும் நிறுத்திவிடாதே. இந்தப் பக்கத்தில் உனக்கு ஒரு ரசிகன் இருக்கிறான், கிழிந்த பாக்ஸோடு. மாதா உன் கைகளையும் காதுகளையும் காப்பாற்றட்டும். தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு போ. உன் அத்தை முத்தம் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமன், உன் ரசிகன்,
அந்தோணிசாமி

பின்குறிப்பு: லியோ, இதை அப்பா எழுதுகிறேன். உன் மாமன் கடிதத்தை மேசைமேல் திறந்து போட்டுவிட்டு உறை வாங்கப் போயிருக்கிறான். நான் தூங்கவில்லை. குறட்டை என்று அவன் எழுதியிருப்பது மேசை விசிறியின் சத்தம்.

உன் மூன்று ஆல்பத்தையும் வந்த வாரமே கேட்டேன். அந்தக் கடைசிப் பாட்டையும் முழுதாகக் கேட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. ஆறாவது நிமிஷத்தில் உன் அம்மா வருகிறாள். ஏழாவது நிமிஷத்தில் போய்விடுகிறாள். அவளை ஒருதடவை அனுப்பிவைத்ததே எனக்குப் போதும். அதனால் அந்த மணி அடித்ததும் எழுந்துவிடுகிறேன். இதை உன் மாமனுக்குச் சொல்லாதே, ஊரையே கூட்டி அழுவான். கல்லறையில் நான் உன்னைச் சொன்னது ஒரு தகப்பன் சொல்லக்கூடாத வார்த்தை.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. வரும்போது அந்தப் பாட்டை அவள் போகாத மாதிரி செய்து கொண்டு வா. எவ்வளவு நீளமாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

சவரிராயன்