என்னையும் என் தம்பியையும் பிரித்துத் தரவும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் சொல்லச் சொல்ல எழுதுவது. நீங்களும் மகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். ஆனால் ‘எல்லோரும்’ என்றால் எத்தனை பேர் என்பதில்தான் உங்கள் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் தகராறு.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவன், எனக்குப் பின்னாலேயே அதே பிரசவத்தில் பிறந்த என் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே முகமாக இருந்ததால், அவன் ஒருவன் பள்ளிக்கூடம் போனால் போதும் என்று நான் இருந்துவிட்டேன். எழுத்து அவனுக்கு, ஞாபகம் எனக்கு. நீங்கள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போய், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவனிடம் என் மகளைக் கேட்டது எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. சிரிக்காமல் எழுதுடா. எங்கள் இருவரையும் ஒன்றாக்குகிற வேலையை நீங்கள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டீர்கள், மாப்பிள்ளை.

கண் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுவது எங்கள் மாப்பிள்ளைதான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவன் நான். மாற்றினீர்கள். மறுநாள் எல்லோருடைய தமிழ்ப் பெயரும் கேள்விக்குறியாகிவிட்டது. நர்ஸம்மா கதவைத் திறந்து, “கேள்விக்குறி யாருங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட, வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம். அது பழைய எழுத்தைப் புது சர்வர் படிக்கத் தெரியாமல் செய்தது, சரி பண்ணிவிடலாம் என்று போனில் சொன்னீர்கள். எனக்கும்தான் படிக்கத் தெரியாது, நான் யார் பெயரையாவது அழித்தேனா? அதைச் சரி பண்ணுவதற்குள், ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்கு என்று உத்தரவு போட்டீர்கள். ஒரே கேள்விக்குறி, ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே வீடு. நீக்கியது என்னை. கத்தினேன். பேக்கப்பிலிருந்து என்னைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். அந்தப் பேக்கப் என் தம்பியின் கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்ததாம். ஆகவே நான் வந்தேன், அவன் ஆபரேஷன் போய்விட்டது. அறுத்து ஆறிய வலது கண்ணை மறுபடி அறுக்க ஆள் வந்து கூப்பிட்டபோது இவன் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு புதியதையும் பழையதையும் சேர்த்துவிட்டேன், இனிக் கவலை இல்லை என்றீர்கள். சேர்த்ததில் நாங்களும் சேர்ந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை எனக்கு வைத்திருந்த ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார்கள்.

கவுன்ட்டரில் போய்க் கேட்டேன்.

“பெரியவரே, உங்க வலது கண்ணுக்குத்தான் முடிஞ்சிருச்சே.”

“முடிஞ்ச கண்ணுதாம்மா உன்னை ரெண்டு பேரா காட்டுது.”

“சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?”

“அப்ப மொதல்ல சிஸ்டத்துக்குக் கண் ஆபரேஷன் பண்ணுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தேன். கூட்டிப் பெருக்க வந்தவள் என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். அப்போதுதான் நீங்கள் போன் செய்து, “மாமா, கோவப்படாதீங்க, உங்க பிறந்த தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கிட்டா ரெண்டு பேரும் தனித்தனியா நிப்பீங்க” என்றீர்கள். ஏன் மாப்பிள்ளை, உங்கள் சர்வருக்காக என் அம்மா இன்னொரு நாள் வலி எடுக்க வேண்டுமா? தேதியை மாற்ற மாட்டேன். பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று வால் ஒட்டவும் விட மாட்டேன். நான் முழு ஆள். பேத்தியின் படம் அனுப்பினீர்களே, அது எனக்குப் புகைக்குள் யாரோ சிரிப்பது மாதிரி தெரிகிறது. மூக்கு யாருடையது என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். அதற்கு என் கண் வேண்டும், கண்ணுக்கு என் பெயர் வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் எங்களைப் பிரித்து, அவன் கண்ணை அவன் கணக்கிலும் என் கண்ணை என் கணக்கிலும் வைக்கவும். இல்லையென்றால் நீங்கள் அடுத்த முறை வரும்போது வீட்டில் மாமனார் ஒருவர்தான் இருப்பார். எவர் என்று சொல்ல மாட்டோம்.

மகளுக்கும் பேத்திக்கும் ஆசி. உங்களுக்கும் ஆசி, வேலையைப் பொறுத்து.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (தம்பி கையெழுத்து, என் கைநாட்டு)

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இவனையும் இழுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குள் போய் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், சிரித்தார், என்னைப் படுக்கச் சொன்னார். முடிந்தது. இப்போது கம்ப்யூட்டரில் ஒரே ஆளுக்கு இரண்டு வலது கண். அது ஒன்றும் கேட்கவில்லை, இடது கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் நாலு கண்ணும் முடிகிற வரைக்கும், மாப்பிள்ளை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எதையும் சரி பண்ணாதீர்கள்.

கட்டுப் பிரித்ததும் படத்தைப் பார்த்தேன். மூக்கு உங்களுடையதுதான். அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.