ஆல்டன்வுட்டில் ஓர் இடம்

திருமதி பிக்ஸ்பியின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் டாக்டர் எல்டன் ஸ்ட்ரோமேயருக்கு அந்தச் சேதி கிடைத்தது. அவள் மகன் ட்ரெவரும் ஆல்டன்வுட் காலேஜுக்குத்தான் விண்ணப்பம் போடப் போகிறானாம்.

அவள் சொன்னது என்னவோ "ஆ... வூ..." என்றுதான். வாயில் ஒரு குழாயும் நாலு பஞ்சு உருண்டையும் இருந்தன. ஆனால் இருபத்தாறு வருஷம் பல் பார்த்தவருக்கு அந்தப் பாஷை நன்றாகவே தெரியும்.

எல்டன் மெஷினை நிறுத்தினார். "முன்முடிவுலயா?"

அவள் தலையாட்டினாள்.

ஒஹாயோவில் அந்த ஊரில் அக்டோபர் வந்தால், பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளை இருக்கிற வீடுகளில் வேறு பேச்சு கிடையாது. முன்முடிவு என்றால் ஒரே ஒரு காலேஜ். நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். இடம் கொடுத்தால் வேறு எங்கும் எட்டிப் பார்க்காமல் வந்து சேருகிறேன் என்று பிள்ளை, பெற்றவர், பள்ளி ஆலோசகர் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவார்கள். நிச்சயதார்த்தம் மாதிரிதான், விருந்து மட்டும் கிடையாது.

ஆல்டன்வுட் அந்தப் பள்ளியிலிருந்து வருஷத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த ஒருவர் தன் மகள் கிரெட்டா என்று, அவள் ஒன்பதாவது படிக்கும்போதே எல்டன் தீர்மானித்துவிட்டார். கிரெட்டா நன்றாகப் படிப்பவள். ட்ரெவர் அவளைவிட நன்றாகப் படிப்பவன்.

"நல்ல காலேஜ்தான்," என்றார் எல்டன், மறுபடி குடைய ஆரம்பித்தபடி. "சாப்பாடுதான் கொஞ்சம் அப்படி இப்படி. சூப்புல கரண்டி நட்டமா நிக்குதாம்."

திருமதி பிக்ஸ்பியின் கண் விரிந்தது.

"பனி மே மாசம் வரைக்கும் போகாது. போன வருஷம் ஒரு வரலாற்றுப் பேராசிரியரை ஏப்ரல்லதான் தோண்டி எடுத்தாங்க. ஆளு நல்லாத்தான் இருக்காரு."

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பல் டாக்டர் தொழிலில் இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான். அன்றைக்கு வந்த ஒன்பது பேரிடமும் எல்டன் இதையே சொன்னார். ஐந்தாவது ஆளுக்கு வரும்போது தோண்டி எடுத்த பேராசிரியர்கள் இரண்டாகியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தில், மரத்துப்போன உதடு சரியானதும் திருமதி பிக்ஸ்பி எல்லாரிடமும் சொன்னாள். "அந்த மனுஷன் இப்படிப் பதறுறாருன்னா அங்க ஏதோ நல்லது இருக்கு."

பள்ளி ஆலோசகர் ப்ரூயிட்டுக்கு எல்டனிடம் வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வருவார். பிள்ளைகளின் பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணிக்கையைச் சொல்வதில் தப்பில்லை என்பது அவர் கட்சி.

"ஆல்டன்வுட்டுக்கு எத்தனை பேரு, சார்?"

வாயில் கருவி இருந்ததால் ப்ரூயிட் நாலு விரலைக் காட்டினார்.

எல்டன் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, காலேஜ் பெயரை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பிக்ஸ்பி வீடு வேலிக்கு அந்தப் பக்கம்.

"அப்பா, காலேஜ் விஷயமா ஒண்ணு கேக்கணும்," என்றாள் கிரெட்டா.

"கேக்காதே. ஜன்னல் திறந்திருக்கு."

"மூடிட்டுக் கேக்கட்டுமா?"

"ஜன்னலை மூடினா சந்தேகப்படுவாங்க."

மறுநாளிலிருந்து அவர் பேச்சு மாறியது. "கிரெட்டாவா? அவ மெரிக் காலேஜுக்கில்ல போறா. அதைவிட நல்ல இடம் இந்த நாட்டுலயே கிடையாது. விடுதியில ஆளுக்கொரு ஜன்னல், ஜன்னலுக்கொரு ஏரி." மெரிக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பெயர் ஏதோ பழைய காலண்டரில் பார்த்தது.

ஊர் யோசித்தது. மெரிக்கைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசாத மனுஷன் திடீரென்று இவ்வளவு பேசினால், மறைப்பது வேறு எதை? ஆல்டன்வுட்டைத்தான்.

அடுத்த வாரம் ப்ரூயிட் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒரு காலையும் தூக்கினார்.

"பதினொண்ணா?"

"ம்."

எல்டன் விடவில்லை. மெரிக் பெயர் போட்ட ஊதா ஸ்வெட்டர் வரவழைத்துப் போட்டுக்கொண்டார். காரின் பின்பக்கம் ஸ்டிக்கர். கிளினிக் வாசலில் கொடி. வாய் கொப்பளிக்கிற காகிதக் கோப்பையில்கூட மெரிக். கொப்பளித்துத் துப்பின ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம், ஆல்டன்வுட்டுக்கே போட்டுவிடு என்றார்கள்.

மூன்றாவது வாரம் ப்ரூயிட் விரலைத் தூக்கவில்லை. பஞ்சைத் துப்பிவிட்டு வாயாலேயே சொன்னார். "பத்தொன்பது."

அக்டோபர் முப்பதாம் தேதி மத்தியானம் பெற்றோர் கையெழுத்து கேட்டு மின்னஞ்சல் வந்தது. எல்டனின் இரண்டு கையும் ஒரு லாரி டிரைவரின் வாய்க்குள் இருந்தன. உதவியாளர் டோலி போனைப் பிடித்தாள்.

"எங்க தொடணும்?"

"அந்தக் கட்டத்துல, டாக்டர். படிக்க வேணாமா?"

"மூணு வருஷமா மனசுல படிச்சதுதான்," என்று கையுறையோடு சுண்டுவிரலால் தொட்டார். லாரி டிரைவர் வாழ்த்துச் சொன்னார். அதுவும் "ஆ... வூ..." என்றுதான் இருந்தது.

கையெழுத்துப் போட்ட பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசி நாள் காலையில் நேரே பிக்ஸ்பி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இங்க பாருங்கம்மா. உண்மையைச் சொல்லிடுறேன். கிரெட்டா ஆல்டன்வுட்டுக்குத்தான் போட்டிருக்கா. சூப்பு, பேராசிரியர், எல்லாம் நான் கட்டின கதை. கொஞ்சம் விட்டுக் கொடுங்க."

"அதை இப்பவாவது சொன்னீங்களே, டாக்டர்," என்றாள் திருமதி பிக்ஸ்பி அன்பாக. அவர் படியிறங்குவதற்குள் போனை எடுத்தாள்.

சாயங்காலம் கணக்கு இருபத்தேழு.

அதன் பிறகு ஆறு வாரம் எல்டன் சரியாகத் தூங்கவில்லை. எடை குறைந்தது. ஒருநாள் நல்ல பல்லைப் பிடுங்கப் போனவரை டோலி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

டிசம்பர் நடுவில், ப்ரூயிட்டின் பல்லுக்குக் கேப் பொருத்துகிற அன்றைக்கு, கிரெட்டா கிளினிக்குக்குள் வந்தாள். கையில் போன்.

"அப்பா, கிடைச்சிடுச்சு."

எல்டன் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். மகளைக் கட்டிக்கொண்டார். அவள் அம்மாவிடம் சொல்ல ஓடினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோயாளியிடம் திரும்பினார். "இருபத்தேழு பேரு, சார். அதுல நம்ம பொண்ணு."

ப்ரூயிட் புதுப் பல்லை இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்திருந்தது.

"இல்லையே, டாக்டர். நம்ம ஸ்கூல்லேர்ந்து மெரிக்குக்குப் போட்டது கிரெட்டா ஒருத்திதான். நல்லா இருந்த ஆல்டன்வுட்டை ஏம்மா விட்டேன்னு கேட்டதுக்கு, 'எங்கப்பா பேஷண்ட்டுங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டாரு, சார்'னா."