மூன்று கிளவுடும் டில்லிபாபுவின் நம்பரும்

மூன்றுக்கும் எழுபத்தொன்று.

எழிலரசி மறுபடி கூட்டிப் பார்த்தாள். மஞ்சளுக்கு எழுபத்தொன்று, ஊதாவுக்கு எழுபத்தொன்று, பச்சைக்கும் அதே. மூன்று கிளவுட் கம்பெனிகளை இருபத்து நான்கு தலைப்புகளில் ஒப்பிட்டு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஒரு வாரமாக மார்க் போட்ட அட்டவணை. கம்பெனிகளின் பெயர்கள் முதலாளி பரந்தாமனின் வாயில் நுழையாததால், சின்னத்தின் நிறத்தைச் சொல்லியே அழைப்பது அலுவலக வழக்கமாகிவிட்டது.

மஞ்சளுக்குக் கூடுதலாக அரை மார்க் போடலாமா என்று யோசித்தாள். அந்தக் கம்பெனி ஆள் போனில் மரியாதையாகப் பேசியதாகக் கேள்வி. மரியாதைக்கு மார்க் போடுவது நியாயமா? அழித்தாள்.

தப்பு அவளுடையதுதான். ஆவடியில் மாலை வகுப்புக்குப் போக ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும் என்று அனுமதி கேட்டபோது, என்ன வகுப்பு என்று பரந்தாமன் கேட்டார். கிளவுட் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"கிளவுடா? தெய்வம்மா நீ!" என்றார் அவர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடையது ஸ்பிரிங் செய்யும் கம்பெனி. ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை இரண்டு வருட ஆர்டர் தருவதாகச் சொல்லி, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது: வரைபடங்கள் எல்லாம் கிளவுடில், அதாவது இணையத்து வாடகைக் கிடங்கில், பத்திரமாக இருக்க வேண்டும். அவையோ இரண்டு முறை மழைத்தண்ணீர் குடித்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன.

"எந்த கிளவுடுன்னு நீயே முடிவு பண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை அவங்க ஆபீசர் வந்து பார்ப்பாங்க. உனக்கும் ஆறு மாசம் முடியுதில்ல? இது சரியா நடந்தா வேலை நிரந்தரம். இல்லன்னா... பார்க்கலாம்."

முன்பிருந்த கணக்கரிடமும் அவர் 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தக் கணக்கரை யாரும் பார்க்கவில்லை.

வகுப்பில் 'கிளவுட் என்றால் என்ன' என்ற பாடமே இன்னும் முடியவில்லை. இருந்தாலும் ஆசிரியர் ஜஸ்டினிடம் கேட்டாள்.

"நல்ல கேள்வி. அது உங்க தேவையைப் பொறுத்தது" என்றார்.

நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டாள். கள்ளிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அது பதிலே இல்லை என்று உறைத்தது.

மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். மூன்றிலும் முப்பது நாள் இலவசம். பதிவு செய்ய ஒரு போன் நம்பர் வேண்டும். அதற்குப் பரந்தாமன் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"என் நம்பரை எங்கயும் குடுக்காதே. லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு உயிரை எடுப்பானுங்க. ஒரகடத்து படிவத்துல போட்ட மாதிரியே டில்லி நம்பரைப் போடு."

டில்லிபாபு கம்பெனி வேன் டிரைவர்.

ஆகவே எழிலரசி கிளவுடுக்குள் நுழையும்போதெல்லாம் ஓ.டி.பி. டில்லிபாபுவுக்குப் போனது. டில்லிபாபு பூந்தமல்லி டிராஃபிக்கில் இருந்தார்.

"அண்ணா, நம்பர் வந்துச்சா?"

"வண்டி ஓட்டிகினு கீறேம்மா. சிக்னல் உழட்டும்."

சிக்னல் விழுந்து அவர் படித்துச் சொல்வதற்குள் அந்த எண் காலாவதியாகும். அடுத்த எண்ணுக்கு அடுத்த சிக்னல்.

"இன்னாத்துக்கும்மா மூணு?"

"எதுன்னு முடிவு பண்ண முடியலண்ணா."

"அட, நல்லது தானே! என் வண்டிக்கே மூணு சாவி கீது. ஒண்ணு தொலஞ்சா இன்னும் ரெண்டு. அத்த வுடு, இந்த நாலு பேரு டெய்லி போன் போட்டு பேஜார் பண்றாங்கோ."

"மூணு கம்பெனிதாண்ணா."

"நாலும்மா. நான் சமாளிச்சிக்கறேன், நீ வேலையப் பாரு."

டிராஃபிக்கில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பட்டறையிலிருந்து மேஸ்திரி வேம்புலி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு ஸ்பிரிங்.

"ஏம்மா, காலைல நாப்பது மில்லி நீளம்னு படம் குடுத்த. மத்தியானம் அதே ஸ்பிரிங்கு நாப்பத்திரெண்டுன்ற. சாயங்காலம் இன்னா, நாப்பத்தஞ்சா? இதுக்கு யாருனா தண்ணி ஊத்தி வளக்கறாங்களா?"

மஞ்சளில் திருத்திய அளவு ஊதாவில் திருத்தப்படவில்லை. பச்சையில் போன வருடத்துப் படம். முந்நூறு ஸ்பிரிங் வீண்.

"பார்க்கலாம்" என்றார் பரந்தாமன்.

வியாழக்கிழமை முழுவதும் எழிலரசி உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மூன்றிலும் ஒரே மாதிரி ஆக்கினாள். படங்கள் ஒன்றாகிவிட்டன. முடிவுதான் ஆகவில்லை. மறுபடி மார்க் போட்டாள். மூன்றுக்கும் எழுபத்து மூன்று.

வெள்ளிக்கிழமை வாசலில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஒரகடத்து ஆபீசர் ரோஷினியின் கார் எஸ்டேட் முனையிலேயே நின்றுவிட்டது. டில்லிபாபு டீ வாங்கப் போயிருந்தார். வாசலைத் தானே கழுவிவிட்டுக்கொண்டிருந்த பரந்தாமன், சேறு படிந்த சட்டையோடு வேன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கால்மணி நேரத்தில் வேன் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி வந்தது. பின்சீட்டிலிருந்து போனில் பேசியபடியே ரோஷினி இறங்கினாள். பரந்தாமன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். அவருக்கே இவ்வளவு பதற்றம் என்றால் தன் கதி என்ன என்று எழிலரசி நினைத்தாள்.

"எந்த கிளவுட்ல வெச்சிருக்கீங்க?" என்றாள் ரோஷினி.

பொய் சொல்ல வரவில்லை. "மூணுலயும் இருக்கு மேடம். எதுன்னு என்னால..."

"தெரியும். உங்க எம்.டி. போன்ல சொன்னார். எங்களுக்குப் பொருள் குடுக்கிற பெரிய கம்பெனிகளே ஒரே இடத்துலதான் வெச்சிருக்காங்க. அது படுத்துட்டா போச்சு. எப்படி இந்த யோசனைன்னு கேட்டேன். 'வண்டிக்கு மூணு சாவி இருக்கிற மாதிரி'ன்னார். இவ்வளவு தெளிவா எந்த எம்.டி.யும் எனக்குச் சொன்னதில்ல."

எழிலரசி பரந்தாமனைப் பார்த்தாள். பரந்தாமன் எழிலரசியைப் பார்த்தார்.

ரோஷினி மூன்றிலும் ஒரே படத்தைத் திறந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டில்லிபாபு வந்தார். கையில் டீ பிளாஸ்க்.

"லேட்டாயிச்சும்மா. கடையில ஒரே கூட்டம்."

குரலைக் கேட்டதும் ரோஷினி சட்டென்று எழுந்து கைகூப்பினாள்.

"வாங்க சார்! ரெண்டு வாரமா போன்லயே பேசிட்டிருந்தோம், இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நீங்களே போய் டீ வாங்கிட்டு வரணுமா? அப்புறம் சார், இந்தப் பொண்ணை நிரந்தரம் பண்றதா சொன்னீங்களே, பண்ணிட்டீங்களா?"

டில்லிபாபு பிளாஸ்க்கோடு நின்றார். ஓரக்கண்ணால் பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமனின் கண்கள் மேசைமேல் இருந்த கையெழுத்தின் மீது இருந்தன. தலை தானாக ஆடியது.

"பண்ணியாச்சு மேடம்" என்றார் டில்லிபாபு.

ரோஷினி திருப்தியாகச் சிரித்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினாள்.

"என்ன டிரைவர் பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க? சார் கையில இருக்கிற பிளாஸ்க்கை வாங்குங்க!"