இரண்டு மூலமும் ஓர் ஏணியும்

நான் துணிக்கடையில் ஆறு நாள் நின்றே வேலை பார்ப்பவன். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தே தீருவது, பரணைச் சுத்தம் செய்வதில்லை என்று வெள்ளிக்கிழமையே சபதம் எடுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அவள் துடைப்பத்தோடு வந்ததுமே நான் ஆரம்பித்தேன்.

"பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. இருபடிச் சமன்பாடு. கூட உட்கார்ந்து சொல்லித் தரணும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே?"

துடைப்பத்தைக் கதவோரம் சாத்திவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போகவில்லை.

மகள் நோட்டை நீட்டினாள். x(x + 2) = 15. சுருக்கித் தீர்க்க வேண்டும். சுருக்கினால் x² + 2x − 15 = 0 என்று நீண்டுவிட்டது. இதற்குப் பெயர் சுருக்கமாம். பெருக்கினால் மைனஸ் பதினைந்து, கூட்டினால் இரண்டு வரும் எண்கள் வேண்டும். பெருக்குவது எனக்குப் புதிதில்லை, தினமும் இரண்டு அறை பெருக்குகிறேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

x-க்கு வரும் விடைக்கு மூலம் என்று பெயராம்.

"ஒரு மூலம் அஞ்சு. ரெண்டாவது மூலம்தான் உயிரை வாங்குது" என்று கத்தினேன். என் குரல் சுவரைத் தாண்டும்.

"அப்பா, அஞ்சை வச்சுப் பாருங்க, முப்பத்தஞ்சு வருது. குறியை மாத்தணும். மூலம் மூணும் மைனஸ் அஞ்சும்." அவள் எப்போதோ போட்டு முடித்திருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே."

வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர், கையில் களிம்பு.

"ரெண்டு மூலமாமே சார்? வெட்கப்படாதீங்க."

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பாவங்க. காலையிலேருந்து உட்கார்றதும் எழுந்திருக்கறதுமா அல்லாடறார்."

"அது கணக்கு மூலம் சார்."

"எல்லாரும் முதல்ல ஏதாவது கணக்குச் சொல்லி மழுப்பத்தான் செய்வாங்க. உட்காரவே கூடாது சார். நின்னுக்கிட்டே செய்ற வேலையாப் பாருங்க."

களிம்பை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினாள். பிறகு பரணுக்கு நேராகச் சின்ன ஏணியை இழுத்துப் போட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள்.

"பயப்படாம ஏறுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச இருபடிதான்."