மாப்பிள்ளையின் கீபோர்டுகளும் சம்பந்திக்கு ஒழித்த அறையும்

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தங்கள் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாகவே இருக்கும் என்று நம்புகிறேன். சம்பந்தி அம்மாவுக்கும் என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவர்கள்தான் தங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள் என்பதால், நேரிலேயே சொன்னதாக எடுத்துக்கொள்ளவும்.

கண் ஆபரேஷனுக்கு வரும்போது மகன் வீட்டில் தங்க இடம் இருக்குமா என்று போனில் கேட்டீர்கள். நான் இருமினேன். அது இருமல் இல்லை. பதில் சொல்ல முடியாத நிலை. இன்று சொல்ல முடிகிறது: அறை தயார், தாராளமாக வரலாம். எப்படித் தயாரானது என்பதையும் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்கையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவன் நான். யார் மேல் தப்பு என்று எழுதும் பழக்கம் இல்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்கு நான் வந்து இறங்கிய அன்று அந்த உள் அறைக்குள் ஒரு ஆள் நுழைய முடியாது. காரணம், தங்கள் மகன் சேர்த்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகள். பாட்டு வாசிக்கிற கீபோர்டு இல்லை, எழுத்து தட்டுகிறது. அலமாரியில் புத்தகம் மாதிரி நிற்க வைத்தது போக, கட்டிலில் மூன்று, துண்டு போர்த்திப் படுத்திருந்தன. ஜன்னல் ஓரத்தில் வெறும் எண்கள் மட்டும் உள்ள பட்டன் பலகைகள்: பணம் எடுக்கிற மெஷினிலிருந்து வந்தது, தொலைபேசி நிலையத்தில் கழித்துப் போட்டது, எதிலிருந்து வந்தது என்று மாப்பிள்ளைக்கே தெரியாதது. உட்கார இடம் பண்ணலாமே என்று ஒரு கீபோர்டைத் தூக்கினேன். பழைய காலத்து இரும்பு. காலில் விழுந்தது. மாப்பிள்ளை பதறி ஓடி வந்து, "அடி பட்டுச்சா?" என்றார். "பரவாயில்ல மாப்பிள்ளை, லேசாத்தான்" என்று காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால், அவர் அந்தக் கீபோர்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு என்னை உட்கார வைத்து, "மாமா, இதைத் தட்டுங்க. இப்ப இதைத் தட்டுங்க. வித்தியாசம் தெரியுதா?" என்றார். ரெண்டும் டொக்குன்னுதான் கேக்குது என்றேன். "இல்ல மாமா, ஒண்ணு டொக்கு, இன்னொண்ணு டக்கு. உள்ள ஸ்பிரிங் வளைஞ்சு அடிக்குது பாருங்க. இப்ப யாரும் இப்படிப் பண்றதே இல்ல" என்றார். யாரும் ஏன் பண்ணுவதில்லை என்று கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டால் சொல்வார். அவர் தினமும் மேலே வந்து, "உங்க வீட்ல யாராவது கூரை மேல கல்லு கொட்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார்.

பழைய கீபோர்டுகளின் பட்டன்கள் வயசாக ஆக மஞ்சளாகிவிடுமாம். அதை வெள்ளையாக்க, முடியை வெளுக்க வைக்கிற கிரீமைத் தடவி வெயிலில் காய வைக்க வேண்டுமாம். அந்தக் கிரீமை மாப்பிள்ளை ஒரு பேரில்லாத டப்பாவில் போட்டு, குளியலறையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். ஷேவிங் கிரீமும் அங்கேதான் இருக்கும். நான் முகத்தில் பூசிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது, பேசினது தாங்கள்தான், உடம்பு விஷயமெல்லாம் விவரமாகப் பேசினீர்கள். வந்து கழுவிப் பார்த்தால் மீசையில் இடது பாதி செம்புக் கம்பி. மாப்பிள்ளை பார்த்தார். "பரவால்லயே மாமா, நல்லா வேலை செய்யுது" என்றார். மீசையை முழுசாகவே எடுத்துவிட்டேன். ஆகையால் தாங்கள் வரும்போது வாசலில் நிற்பது வேறு யாரோ என்று திரும்பிப் போய்விட வேண்டாம்.

இதையெல்லாம் என் மகள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். லிஃப்ட் விவகாரம்தான் எல்லை தாண்டியது. இந்தக் கட்டடத்து லிஃப்டுக்குள் இருந்த பட்டன் பலகை உலகத்திலேயே சில இடங்களில்தான் இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு அதில் கண். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பேசி, புதுப் பலகை ஒன்று தன் செலவில் மாட்டிக்கொடுத்து, பழையதை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் வருவதற்குள் கை பொறுக்காமல் தானே மாட்டினார். மறுநாள் காலையில் என் மகள் பதவி உயர்வுக்கான நேர்காணலுக்குக் கிளம்பினாள். கீழ்த்தளம் அழுத்தினாள். லிஃப்ட் மேலே போயிற்று. மேலே அழுத்தினாள். நடுவில் நின்றுகொண்டது. கூடவே உள்ளே இருந்தது யார் என்றால் கீழ்வீட்டு அம்மா. மாப்பிள்ளை படியேறி ஓடினார், நானும் பின்னாலேயே ஏறினேன். கதவுக்கு வெளியே நின்று அவர் கேட்ட முதல் கேள்வியை என் காதாலேயே கேட்டேன்: "எந்த பட்டனை அழுத்தின? அழுத்தும்போது சத்தம் வந்துச்சா, வரலியா?"

அந்தக் கீபோர்டுகளுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. என் மகள் கத்தவில்லை, அழவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க அப்பா கண் ஆபரேஷனுக்கு வர்றாரு. அவரு எங்க படுப்பாரு? ஸ்பேஸ் பார் மேலயா?" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே ஒரு பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

அந்தப் பல் டாக்டரும் இதே பைத்தியம். வேன் எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு கீபோர்டையும் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்து, "இது ஆடுது. இது ஆரோக்கியம். இதுக்கு வேர்ல பிரச்சனை" என்று தொழில் முறையில் பார்த்து ஏற்றிக்கொண்டார். லிஃப்ட் பலகை உள்பட. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். கடைசி ஒன்றைக் கொடுக்கும்போது துணி அவர் கையிலேயே தங்கிவிட்டது. என் மகள் ஹாலில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை, திரும்பத் திரும்ப.

இப்போது அறை பளிச்சென்று இருக்கிறது. கட்டில், புது விரிப்பு, ஜன்னலுக்குத் திரை. ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. என் மகள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்க்கிறாள். "வேலை பாக்கறீங்களா?" "பாக்கறேன்." "சத்தமே இல்ல." "லேப்டாப்." திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போகிறாள். கண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஆகவே தயங்காமல் வரவும். தங்கள் கண் குணமாகி, அடுத்த கடிதத்தைத் தாங்களே படித்து, எழுத்துப் பிழைகளைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மணி அடித்தது. அதே வேன். பல் டாக்டர் இல்லை, அவருடைய மனைவி இறங்கினார். "உங்க சாமான் உங்களுக்கே. அவரோடதையும் சேர்த்து ஏத்திட்டு வந்திருக்கேன். இதுல ஒண்ணு எங்க வீட்டுக்குத் திரும்பி வந்தாலும், அவரையும் இங்கயே இறக்கி விட்டுடுவேன்" என்றார். மாப்பிள்ளை வேன் கதவைப் பிடித்தபடி என் மகளைப் பார்த்தார். அவள் வேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. நனைஞ்சிடப் போகுது, முதல்ல உள்ள கொண்டு வாங்க" என்றாள். அறை இப்போது வாசற்படி வரை நிரம்பிவிட்டது, ஹாலில் நான் படுக்கிற கட்டிலையும் கேட்கிறார்கள். எனவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். தாங்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடவும், ஆஸ்பத்திரி அங்கிருந்தும் பக்கம்தான். நான் முன்னாலேயே போய்ப் பெருக்கி வைக்கிறேன். சமையலறைக் கூரை ஒரு மூலையில் ஒழுகும்; தங்களுக்கு ஒரு கண்ணில் கட்டு இருக்கும், இன்னொரு கண்ணால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். இதை எழுதும்போது உள் அறையிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறாரே என்று எட்டிப் பார்த்தேன். "அப்பா, அந்த லைட்டைப் போடுங்க" என்கிறாள், வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு கீபோர்டை மடியில் வைத்திருக்கும் தங்கள் மருமகள்.